எங்கள் வீட்டுக் கரை

1930 மே மாதம் பர்மாவில் பெகு நகரம் பூகம்பத்தில் இடிந்த செய்தியை ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வாசித்துச் சொன்னவன் நான். அப்போது சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது சென்னைப் பத்திரிகைகளைக் கொண்டுவருவேன். பெரியப்பா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த வீட்டுத் தறிகளில் நெய்த கைலிகளை விற்பதற்காக அவருடைய ஒரே மகன் முந்தைய வருஷம் பெகுவுக்குப் போயிருந்தார். நான் அண்ணன் என்று கூப்பிட்டது அவரைத்தான். அவர் மனைவி, என் அண்ணி, மாமனார் மாமியாரோடு ராசிபுரத்திலேயே இருந்தார்.

செய்தி சுருக்கமாக இருந்தது. இருட்டிய பிறகு நிலம் குலுங்கியிருக்கிறது. கடைத்தெரு சரிந்து, சரிந்த இடத்திலேயே தீப்பிடித்திருக்கிறது. ஊரின் பெரிய புத்த கோபுரம் உடைந்து விழுந்துவிட்டது. தண்டவாளம் வளைந்து கிடக்கிறது. கடல் பக்கம் போகும் சமவெளியில் வயல்கள் பிளந்து, பிளவுகளிலிருந்து மணலும் தண்ணீரும் பீறிட்டிருக்கின்றன. ரங்கூனிலும் வீடுகள் விழுந்தன. செத்தவர்களின் எண்ணிக்கை ஒரு பத்திரிகையில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருந்தது. பெயர்கள் எதிலும் இல்லை.

வாசித்து முடித்ததும் பெரியப்பா தறிக்குழிக்குள் இறங்கி ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தார். நெய்யவில்லை. எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பெகுன்னா அவரு இருக்கற ஊரேதானா தம்பி? இல்ல பக்கமா?" என்று அண்ணி கேட்டார்.

"அதே ஊர்தான் அண்ணி."

"ஆனா அவரு எப்பவும் ஊருக்குள்ளயே இருக்கமாட்டாரே. மூட்டையத் தூக்கிக்கிட்டு ஊரு ஊராத்தான போவாரு."



அந்த மாதக் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியர்களுக்கும் கலவரம் மூண்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் கிடைத்த கப்பலில் ஏறித் திரும்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அடுத்த தெருக்காரர். பெகுவில் அரிசி ஆலையில் மூட்டை தைத்தவர், அங்கே அண்ணனோடு பழக்கம். வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியப்பாவைத் தேடி வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துணிக்கிழிசலை எடுத்து நீட்டினார்.

"கடைத்தெருவுல செவுத்துக்கு அடியில கெடந்தவங்களை எடுத்து எரிச்சோமுங்க மாமா. ஒரு ஆளுக்கு மொகமே தெரியல. இடுப்புல இது இருந்துச்சு. எரிக்கறதுக்கு முந்தி நாந்தான் அறுத்து வெச்சுக்கிட்டேன். உங்களுக்குக் காட்டாம இருக்க மனசு வரல."

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நெசவு வீட்டுக்கும் ஒரு கரை உண்டு. பெரியப்பா வீட்டுக் கைலியின் ஓரத்தில் சிவப்புப் பட்டைக்கு அடுத்து இரண்டு இழை மஞ்சள் ஓடும். வியாபாரி துணிக்கட்டைப் பிரிக்காமலே யார் தறி என்று சொல்லிவிடுவார். கிழிசலில் சிவப்பு கறுத்திருந்தது. மஞ்சள் இழை இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. பெரியப்பா அதைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"நம்மூட்டுத் துணிதான்" என்றார். "என் கைதான் நெய்ஞ்சது."

பெரியம்மா ஓவென்று அழத் தொடங்கினார். பெரியப்பாவின் தறியும், அண்ணன் போனபின் கூலியாள் நெய்துவந்த அண்ணன் தறியும் நின்றன. எங்கள் தெருவில் தறி நிற்பதற்குப் பொருள் உண்டு. பகலில் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்தால் அங்கே சாவு என்று எடுத்துக்கொள்வார்கள். சத்தம் கேட்கும் வீட்டுக்குள் யாரும் துக்கம் கேட்கப் போகமாட்டார்கள். மத்தியானத்துக்குள் பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது என்றும், அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நாள் என்றும் பேச்சு நடந்தது. அன்றே அண்ணியின் தாலியையும் வாங்கிவிடுவார்கள். அதை அவர் காதுபடவே பேசினார்கள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி முன்னால் வந்தார். அழுகிற முகம் இல்லை. கணக்கு ஒன்று ஒத்துவராதபோது வரும் முகம்.

"ஏனுங்க மாமா, அவரு அந்த ஊருக்கு எதுக்குப் போனாரு?"

"கைலி விக்கத்தான் சாமி."

"வித்தாரா இல்லீங்களா?"

"வித்தான்."

"அப்ப வாங்குனவன் அதைக் கட்டியிருக்கமாட்டானுங்களா? நம்ம கரை போட்ட துணி அந்த ஊர்ல எத்தனை பேரு இடுப்புல இருக்கும்? அவரு ஒருத்தரு இடுப்புலதானா?"

அந்த நிமிஷம் வரை இது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எங்கள் ஆட்களுக்குத் துணியைக் கண்டால் நெய்த கைதான் நினைவுக்கு வரும். வாங்கிக் கட்டுகிறவன் நினைவுக்கு வருவதில்லை.

பங்காளி வீட்டு அத்தை ஒருவர், "புருசனப் பறிகொடுத்தவ பேசற பேச்சா இது? வக்கீலு மாதிரியல்ல கேக்கறா" என்றார்.

"பறிகொடுத்ததை யாருங்க பாத்தீங்க?" என்று அண்ணி அவர் பக்கம் திரும்பினார். பிறகு மூட்டை தைப்பவரிடம், "அண்ணா, அவரு அங்க கைலியா கட்டுவாரு?" என்று கேட்டார்.

அவர் நெளிந்தார். "வெளிய தெருவ போறப்ப வேட்டிதான் கட்டுவாரு அம்மணி. கைலி விக்கறவன் வேட்டி கட்டுனாத்தான் நாலு பேரு மதிப்பாங்கன்னு சொல்லுவாரு. ஆனா பொழுது சாஞ்சு வந்தா கைலிதான். பூமி ஆடுனது பொழுது சாஞ்சுதான்."

ஆகவே எதுவும் தீரவில்லை. செத்தவர் அண்ணனாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். நாள் குறிப்பதைத் தள்ளிவைக்கப் பங்காளிகளுக்கு அது போதவில்லை. ஆனால் அண்ணி அவர்களுடைய முடிவுக்காக நிற்கவில்லை. நேராகப் போய் அண்ணனுடைய தறிக்குழிக்குள் இறங்கினார். எங்கள் வீடுகளில் பெண்கள் நாடாவுக்குத் தார் நூல் சுற்றுவார்கள், பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். குழியில் உட்கார்ந்து நெய்வது ஆண்கள் வேலை. அவர் கால் மிதிக்கட்டையை மாற்றி மிதித்தார். நாடா பாதி வழியில் சிக்கியது. எடுத்து மறுபடியும் எறிந்தார். சத்தம் கிளம்பியது.

"எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார் ஒரு பங்காளி.

பெரியப்பா குழிப் பக்கம் வந்து மருமகள் மிதிப்பதைப் பார்த்தார். "தறி ஓடுதே" என்றார். "ஓடற தறிய எப்படி நிறுத்தச் சொல்றது?"

வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு வழக்கம் இடம் தரவில்லை.

அதன்பின் நான் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி குழியில்தான் இருந்தார். பத்திரிகையை வாசிக்கும்போது சத்தத்தை நிறுத்தமாட்டார். வேகத்தைக் குறைப்பார். "பெகுவுக்குத் தெக்க, கடலோரத்துல என்ன ஆச்சுன்னு போட்டிருக்கா? படகு போகுதா?" என்று கேட்பார். பாதி கேள்விக்குப் பத்திரிகையில் விடை இருக்காது. இல்லையென்றால் இல்லை என்பேன். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றை நிச்சயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நடந்து வந்தார். இளைத்திருந்தார், தாடி வைத்திருந்தார். பெரியம்மாதான் முதலில் பார்த்தார். அண்ணி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்ததால் தலையைத் தூக்கவில்லை.

அண்ணன் தறிப் பக்கம் வந்து நெய்த துணியைப் பார்த்தார். "யாரு நெய்ஞ்சது இது? கரை சாரைப்பாம்பு மாதிரி போகுதே!"

அண்ணி நிமிர்ந்தார். "செத்தவரு பொண்டாட்டி நெய்ஞ்சதுங்க" என்றார். பிறகுதான் அழுதார். முதல் முறையாக அவர் அழுததை நான் பார்த்தேன்.

பூகம்பத்தன்று அண்ணன் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஒரு மீனவ கிராமத்தில் இருந்திருக்கிறார். கிணறுகளில் மணல் ஏறிவிட்டதால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த ஊராரோடு சேர்ந்து புதுக் கிணறு தோண்டியிருக்கிறார். பிறகு காய்ச்சல். தேறி எழுந்து ரங்கூன் வந்தால் கலவரம். "ரெண்டு கடுதாசி போட்டேனே, வரலையா?" என்றார். அவை ஆவணியில் வந்தன. தான் எழுதிய கடிதங்களைத் தானே தபால்காரரிடம் வாங்கிக்கொண்டார்.

கிழிசலை அவரிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கட்டு முழுசும் ஒரு கடைக்காரருக்குக் குடுத்தேன். படகுக்காரன், ஆலைக்காரன், தமிழன், பர்மாக்காரன், எல்லாரும் வாங்குவான். யாருன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் பெரியப்பா தறி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். தலைமுழுகிவிட்டு வந்து, கேட்க வந்தவர்களிடம், "நம்ம துணியக் கட்டிக்கிட்டுச் செத்த ஆளு. அவனுக்கு யாரு இருந்தாங்களோ" என்றார். அன்று வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். அந்தக் கிழிசலை ஆற்றில் விட்டார்கள்.

புரட்டாசி கடந்ததும் அண்ணன் மறுபடி கிளம்ப ஆயத்தமானார். பெரியம்மா குறுக்கே நின்றார்.

"அங்க மூங்கில் தட்டி கட்டிக் கடை போட்டுட்டாங்கம்மா. விழுந்த செங்கல்லயே பொறுக்கிச் செவுரு வெக்கறாங்க. கட்டத் துணி வேணும் அவங்களுக்கு. நான் போகாட்டி வேற எவனாச்சும் போவான்."

"நானும் வாரேன்" என்றார் அண்ணி.

"அங்க பூமி ஆடுமே சாமி!"

"இங்க ஒக்காந்து எனக்குப் பூமி ஆடாத நாளே இல்லீங்க அத்தை."

அண்ணி நெய்த கைலிகளைப் பெரியப்பா மற்றவற்றோடு சேர்க்காமல் தனிக்கட்டாகக் கட்டினார். "அவசரத்துக்கு வாங்கறவன் கரையப் பாக்கமாட்டான்" என்றார்.

சேலம் ரயிலடிவரை நானும் போனேன். அண்ணி பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே குனிந்தார்.

"தம்பி, கப்பல்ல தறிச் சாமான் ஏத்த உடுவாங்களா?"

"தெரியல அண்ணி. சென்னையில கேளுங்க."

"உட்டாங்கன்னா அடுத்த தடவ எடுத்துக்கிட்டுப் போலாம்" என்று அவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் இடம் பற்றாமல் மூட்டையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தறிய அப்புறம் பாக்கலாம். மொதல்ல போயிச் சேர்ந்ததும் ஒரு தந்தி குடுங்க" என்றார். வண்டி நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு நடந்தார். பிறகு நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தெருவுல பாவு காயுது, வா போலாம்" என்றார் என்னிடம்.