பக்கம் திருப்பப் போனவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கதை கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது என் நாத்தனாருக்கு நடந்தது. ராத்திரி என்றால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளியிருப்பேன். நடந்தது பட்டப்பகலில், அரங்கம் நிறைய ஆட்கள் பார்க்க.

அவள் ஒரு துணிக்கடையில் தையல்காரி. வாங்கியவர்கள் உடம்புக்குத் தக்கபடி அளவு திருத்திக் கொடுப்பாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் பியானோ பழகினாள். அப்பா போனதும் பாடமும் போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை. இந்த நகரத்தில் கச்சேரி டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அவளுக்கு எல்லாச் சந்துபொந்தும் தெரியும். எந்தத் தேவாலயத்தில் மதியம் சும்மா வாசிப்பார்கள், எந்த அரங்கில் ஒத்திகை நேரத்தில் கதவைச் சாத்தமாட்டார்கள், எங்கே இடைவேளைக்குப் பிறகு வாசலில் ஆள் நிற்காது... எல்லாம் அத்துப்படி.

"ஓசின்னா நீ பினாயிலையும் குடிப்பே" என்று நான் கேலி செய்வேன்.

"பினாயில் வேண்டாம் அண்ணி, பியானோ போதும்" என்பாள்.

அந்த வியாழக்கிழமை இசைக் கல்லூரியில் இலவசக் கச்சேரி. பெரிய பேராசிரியர் தனியாகப் பியானோ வாசிக்கிறார். நல்ல மழை. சாப்பாட்டு நேரத்தில் நனைந்துகொண்டே ஓடினாள். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மட்டும் இரண்டு நாற்காலி காலி. ஒன்றில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மற்றதில் வயதான ஒரு பெண். எப்போது வந்தாள்? தெரியவில்லை. எல்லோர் மேலும் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சால்வையில் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்த மாதிரி குளிர் அடித்தது.

"பியானோ நோட்ஸ் படிப்பியா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஏதோ கொஞ்சம்..."

"மேடையில அவனுக்கு நோட்ஸ் பக்கம் திருப்ப ஆள் வரலை. நீ போ."

"நானா? அவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிக்க அவனுக்கு நேரம் இருக்காது."

சொல்லி வாய் மூடவில்லை, மேடையிலிருந்து பேராசிரியர் சபையைப் பார்த்து, பக்கம் திருப்ப யாராவது வர முடியுமா என்று கேட்டார். நாத்தனாருக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என்றால் சும்மாவா?

"நோட்ஸ் வாசிக்கத் தெரியுமா?" என்று மேடை ஏறியதும் அவர் கேட்டார்.

"கொஞ்சம் தெரியும். அந்த அம்மாதான் போகச் சொன்னாங்க..." என்று திரும்பிக் காட்டினாள்.

இரண்டு நாற்காலியும் காலி.

பேராசிரியர் அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உட்காருங்க. தலையை ஆட்டுவேன். திருப்பணும்" என்றார்.

முதல் பக்கம் சரியாகப் போயிற்று. இரண்டாவதும்.

மூன்றாவது பக்கத்தில் இடது கைக்கு மட்டும்தான் வேலை. அவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் மேல்சுரங்கள் கேட்டன... மெல்ல... ஒவ்வொன்றாக. நாத்தனார் குனிந்து பார்த்தாள். வலதுபக்கக் கட்டைகள் தானாக அமுங்கித் தானாக எழுந்தன.

அவரும் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

அவர் தலையை ஆட்டினார். இவள் கையை நீட்டினாள்.

நீட்ட முடியவில்லை.

பின்னாலிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள். பனிக்கட்டி மாதிரி ஒரு கை.

"திருப்பாதே."

காதருகில்... அதே குரல்.

அவர் மறுபடி தலையை ஆட்டினார். பக்கம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் இடது கை நிற்கவில்லை. மடியில் இருந்த வலது கையும் கட்டைக்குப் பாய்ந்தது. தாளில் இல்லாத எதையோ இரண்டு கையும் வாசித்தன. அப்படியொரு அழகு! சபை மூச்சுவிடாமல் கேட்டது.

"நிறுத்த முடியலை..." என்று முனகினார். இவளுக்கு மட்டும் கேட்டது.

"பரீட்சைக்கு நான் பழகினது இது" என்றது குரல். "ஞாபகம் இருக்காடா?"

வேகம் கூடியது.

"அக்கா... விட்டுடு..."

"அன்னைக்கு நான் கத்தினேன். நீ விட்டியா?"

இன்னும் வேகம். கட்டைகளில் சிவப்பு.

"தெரியாம விழுந்துது அக்கா..."

"தெரிஞ்சுதான் தள்ளினே."

கடைசிச் சுரம்.

டமார்!

பியானோ மூடி.

அதன் பிறகு அவர் அலறல்தான்.

ஆம்புலன்ஸில் அவரோடு ஏற ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரும் சிலையாக நின்றார்கள். நாத்தனார்தான் ஏறினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் எலும்பெல்லாம் நொறுங்கிவிட்டது, இனி விரல்கள் நிமிரா என்று சொல்லிவிட்டார்.

அப்போது ஒரு நர்ஸ் வந்தார். "நீங்க இவருக்குச் சொந்தமா?"

"இல்லைங்க. கச்சேரி கேக்கப் போனேன்."

"ரெண்டு நாளா இவருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ஞ்சுட்டோம். கச்சேரி முடியட்டும், வர்றேன்னு வெச்சுட்டார். இவரோட அக்கா உடம்பு கீழே பிணவறையில கிடக்கு."

நாத்தனார் எழுந்தாள். "நான்... ஒரு தடவை பாக்கலாமா?"

அவள் முகத்தைப் பார்த்த நர்ஸுக்கு மறுக்க மனம் வரவில்லை. கூட்டிப்போனார். முகத்துணியை விலக்கினார்.

அவளேதான். பக்கத்து நாற்காலிக்காரி.

நர்ஸ் முகத்தைப் பார்க்கவில்லை. துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைகளையே பார்த்தார்.

"என்னங்க?"

"இந்த அம்மாவ நான்தான் துடைச்சேன். சின்ன வயசுல பியானோ மூடி விழுந்துதாம். ரெண்டு கையிலயும் விரலெல்லாம் உள்ளே மடங்கியே இருந்துது. அந்தக் கையாலேயே ஆயுசு பூரா தம்பிக்குப் பக்கம் திருப்பிச்சாம். எவ்வளவு இழுத்தும் என்னால நிமிர்த்த முடியலைங்க..."

நாத்தனாரும் பார்த்தாள்.

பத்து விரலும் நேராக இருந்தன. அகல விரிந்து.

நகக்கண்களில் ரத்தம்.

இன்னும் காயவில்லை.