பெரிய டிரம்மும் பெரியப்பாவும்

பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தோல்வார் உண்டு. எங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளியில் படித்துவிட்டுப் போன அக்காக்கள் அத்தனை பேருடைய வியர்வையும் அதில் ஊறிக் காய்ந்து, மழைக்காலத்தில் புளித்த மாவைப் போலவும் வெயில்காலத்தில் கழுவாத ஊறுகாய் ஜாடியைப் போலவும் நாறும். சாயங்காலமானால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வீசுகிற காற்று தன் பங்குக்கு நகப்பூச்சு வாடையையோ அழுகின முட்டை வாடையையோ கொண்டுவந்து கொட்டும். இந்த இரண்டு நாற்றங்களுக்கும் நடுவில், கடலூரில் ஒரு பெண்கள் பள்ளி மைதானத்தில், எனக்கென்று ஒரு குடும்பம் இருந்தது. ரத்தசம்பந்தமுள்ள குடும்பமும் எனக்கு உண்டு. அதைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்; நல்லவிதமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பா ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் எட்டாவது போன வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கீரப்பாளையத்தில் அம்மா வழியில் வந்த கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று என்னை மட்டும் கடலூரிலேயே, பெரியப்பா வீட்டில் விட்டார்கள். பெரியப்பாவுக்குப் பெயிண்டுக் கடை. வாயைத் திறந்தால் குடும்பம்தான். "நம்ம குடும்பத்துல ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் தூக்கி விடணும்" என்பார். தூக்கிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது; தூக்கிவிட்டதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லவும் செய்வார். வீட்டுச் சுவருக்குக் கலர் பார்க்க வந்தவர்கூட என் அப்பாவுக்கு வேலை போன கதையை முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியேற முடியும்.

அந்த வீட்டில் என் பெயர் "தம்பி பொண்ணு". விருந்தாளிகள் வந்தால் பெரியம்மா என் தலையைத் தடவியபடியே, "இவுங்க அப்பாவுக்கு வேல போயிடிச்சி, பாவம். நாங்கதான் வெச்சிப் படிக்க வெக்கிறோம்" என்பார். விருந்தாளிகளும் 'த்சு த்சு' என்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மிக்சரில் கை வைப்பார்கள். எங்கள் சொந்தபந்தங்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு: யாராவது ஓர் அடி தப்பி வைத்துவிட்டால் அதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஓர் அத்தை சின்ன வயதில் கல்யாணப் பந்தியில் ரச வாளியைக் கவிழ்த்துவிட்டாராம். அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும், அந்தப் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விழாவிலேயே, "பாத்து, ரசத்த அவகிட்ட குடுக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி பேண்டில் நான் சேர்ந்தது சங்கீத ஆசையால் அல்ல. பேண்டில் இருந்தால் சாயங்காலம் இருட்டுகிற வரை வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். நாங்கள் வாசித்ததைச் சங்கீதம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெரிந்ததே இரண்டு மெட்டு. அதிலும் ஒன்றைத்தான் வேகமாக வாசித்து மற்றொன்று என்றோமோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. பி.டி. மிஸ் எங்களுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை. புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் தன் நாத்தனாரை யாரிடமோ திட்டிக்கொண்டிருப்பார். பத்தாவது அக்காக்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், தப்பும் தவறுமாக.

புல்லாங்குழல், முக்கோணக் கம்பி, ஜால்ரா என்று பலர் இருந்தாலும் எனக்கு உயிராக இருந்தவர்கள் இரண்டு பேர். ஃபரீதா சைடு டிரம். அவளுடைய வாப்பா சவூதியில் இருந்தார். மரகதம் பியூகிள், கடலோரக் குப்பத்திலிருந்து வருவாள், பியூகிளை ஊதினால் மைதானத்துக் காக்கைகள் பறந்துவிடும். பெரியம்மா 'சோத்து மூட்ட' என்று பெயர் வைத்திருந்த என் உடம்பை முதல் நாளே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவதான்டி பெரிய டிரம்முக்கு. நமக்குன்னே வந்திருக்கா" என்று சொன்னவள் மரகதம்தான். அதுவரை என் உடம்பால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. பயிற்சி முடிந்ததும் பெரிய டிரம்மைப் படுக்கப்போட்டு, அதன்மேல் டிபன் பாக்ஸ்களைப் பரப்பி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஃபரீதாவின் உம்மா கொடுத்தனுப்பும் இறைச்சிக் குழம்பும், மரகதம் கொண்டுவரும் வறுத்த மீனும் சிந்திச் சிந்தி டிரம்மின் ஒரு பக்கம் மஞ்சளாகவே ஆகிவிட்டது. மிஸ் அதைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டோம்.

இனி 'பதில்' என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணிநடைக் கட்டளைகள் எல்லாம் எங்களுக்கு இந்தியில்தான். எவளுக்கும் இந்தி தெரியாது. நடக்கும்போது காலை மாற்றிக்கொள்ளச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு: "கதம் பதல்." அது அக்காக்கள் வாய்வழியாக வந்து சேர்ந்தபோது "பதில்" ஆகியிருந்தது. யாரோ ஒருத்தி தப்பினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். பெரிய டிரம் 'தொம்' என்றால் இடது கால் தரையில் விழ வேண்டும். எனக்கோ பதற்றம் வந்தால் 'தொம்' வலது காலில் விழுந்துவிடும். ஆரம்பத்தில் நான் நிறுத்தித் திருத்தப் போய் எல்லாம் குழம்பும். ஒருநாள் மரகதம் பியூகிளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "டிரம்மு சத்தம் ஊருக்கே கேக்குது. கால் சத்தம் எவனுக்குக் கேக்குது? இவ நிறுத்த வேணாம். நாம எல்லாரும் கால மாத்திக்குவோம். இவ எப்ப அடிக்கிறாளோ அதான்டி லெஃப்டு." அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். என் அடி தப்பினால் ஃபரீதா மெல்ல "பதில்" என்பாள். அத்தனை பேரும் ஒரு சின்னக் குதி குதித்துக் காலை மாற்றிக்கொள்வார்கள். தப்பு என்று ஒன்று நடந்ததாகவே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பல வருடங்கள் கழித்து ஆபீசில் ஓர் இந்திக்காரப் பெண் சொல்லித்தான் 'பதல்' என்றால் 'மாற்று' என்று தெரிந்தது. எங்கள் அர்த்தமே மேல் என்று அவளிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டக் குடியரசு தின அணிவகுப்புக்கு எங்கள் பேண்டைக் கூப்பிட்டார்கள். அதற்காக பீச் ரோட்டில் ஒத்திகை நடந்தபோது பெரியப்பா கடைக் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே பஞ்சாயத்து கூடியிருந்தது.

"கழுத்துல டிரம்ம மாட்டிக்கிட்டு நடுரோட்டுல அடிச்சிக்கிட்டுப் போறியாமே? சாவுக்கு அடிக்கிறவுங்ககூட ஆம்பளைங்கதான்! நம்ம வூட்டுப் பொண்ணு செய்யற வேலையா இது? நாளைக்கே பேர வெட்டிட்டு வந்துடு" என்றார் பெரியப்பா. இதே பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்குச் சிதம்பரம் கீழவீதியில் இரண்டு பேண்டு செட் வைத்து, மாமாக்களும் சித்தப்பாக்களும் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆட, வண்டிகளை எல்லாம் நிற்க வைத்தவர். அடி வேண்டும், ஆட்டம் வேண்டும்; அடிக்கிறவர்களை மட்டும் மனுஷக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்குப் பெயர் கௌரவமாம்.

பொங்கலுக்கு வந்த அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "பெரியப்பா சொல்றபடி நடந்துக்கம்மா. நாம அவுங்க வூட்ல இருக்கோம்" என்றார். நாம் என்கிறாரே, இருப்பது நான்தானே என்று ஆத்திரமாக வந்தது. கம்பெனியில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வந்த மனிதர் அண்ணன் வீட்டுக் கொல்லையில் குரலைத் தாழ்த்திப் பேசியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டிரம் போனால் எனக்கு மிச்சமிருப்பது 'தம்பி பொண்ணு' என்ற பெயர் மட்டும்தான். அவரிடம் சரி என்று தலையை ஆட்டி வைத்தேன்.

பேரை வெட்டிவிடச் சொல்லி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "வேற யாராச்சும் தூக்குங்கடி" என்றார். ஜால்ரா தட்டுகிறவளைக் கூப்பிட்டார்; அவளுக்குத் தோள்பட்டை வலியாம். முக்கோணக்காரிக்கும் தோள்பட்டை வலி. புல்லாங்குழல் வரிசை மொத்தத்துக்கும் வலது தோளில் வலி. மரகதம் ஒருபடி மேலே போய், "வெயிட்டு தூக்குனா கை வெளங்காம பூடும்னு டாக்டரே சொல்லிட்டாரு மிஸ்" என்றாள். அவள் பிறந்ததிலிருந்து டாக்டரைப் பார்த்தவள் இல்லை. மிஸ் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "எப்படியோ போய்த் தொலைங்க" என்று மறுபடி நாத்தனார் கதைக்கே போய்விட்டார். நான் கழிவறைப் பக்கம் போய் நன்றாக அழுதேன். வீட்டில் எனக்காக ஒரு பொய் சொல்ல யாருமில்லை. இங்கே ஒரு வரிசையே நின்று சொன்னது.

குடியரசு தினத்தன்று "கொடியேத்தம் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேராக ஃபரீதா வீடு. அவளுடைய உம்மா எனக்கும் சேர்த்துச் சீருடைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். "பயப்படாமப் போயிட்டு வா, அல்லா பாத்துக்குவான்" என்றார்.

மைதானத்தில் பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். மேடையை நெருங்கும்போது பக்கத்துப் பந்தலைப் பார்த்தேன். வியாபாரிகளுக்காகப் போட்டிருந்த நாற்காலி வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், பெரியப்பா. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். என் கை நின்றுவிட்டது. ஓர் அடி காணாமல் போனது. கை தானாக மறுபடி அடித்தபோது 'தொம்' வலது காலில் விழுந்தது. மேடைக்கு எதிரே, ஊர் பார்க்க, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் ஃபரீதாவின் குரல்: "பதில்." முன்னால் போன வரிசையும் பின்னால் வந்த வரிசையும் ஒரே குதி. அத்தனை இடது கால்களும் என் தப்பான அடியில் வந்து விழுந்தன. மரகதம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பியூகிளை உயர்த்தி ஊதினாள். கூட்டம் கை தட்டியது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படித் தாங்கியதில்லை. கல்யாணம் செய்துகொண்டவர் உட்பட.

அணிவகுப்பு முடிந்ததும் உதை நிச்சயம் என்று நின்றிருந்தேன். பெரியப்பா வந்தார், கூடவே பெரிய மனிதர் ஒருவர். "யாரு சார் அந்த டிரம் அடிச்ச பொண்ணு? பிரமாதம்!" என்று அவர் கேட்டதுதான் தாமதம், பெரியப்பா என் தோளில் கையைப் போட்டார். "எங்க வூட்டுப் பொண்ணுதான் சார். எங்க குடும்பத்துல எல்லாருக்குமே இந்த மியூசிக் ஞானம் கொஞ்சம் ஜாஸ்தி." பக்கத்தில் நின்ற மரகதம் பியூகிளுக்குள் சிரித்தாள், அது ஒரு மாதிரி பாம் என்று சத்தம் போட்டது.

மறுநாள் பேப்பரில் எங்கள் படம் வந்தது. பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார். இன்றைக்கும் அந்தப் படத்தில் நானும் டிரம்மும் மட்டும் இருக்கிறோம். இடதுபுறம் ஃபரீதாவின் முழங்கையும் ஒரு குச்சியும் தெரியும். "அது யாரு கை?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "அது யாரோ கூட வந்த பொண்ணு" என்பார்.

பத்தாவது முடிந்ததும் அப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு ரைஸ்மில்லில் வேலை கிடைத்து, என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். ஃபரீதா கல்யாணமாகி மலேசியா போனாள், நம்பர் மாறிவிட்டது. மரகதத்தைத் தேடி ஒருமுறை குப்பத்துக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள், அவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. பள்ளியில் இப்போது பேண்டும் கிடையாது.

சொந்தக்காரர்கள் மட்டும் ஒருத்தர் குறையாமல் இருக்கிறார்கள். போன மாதம் சிதம்பரத்தில் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தது. நான் கணவரைப் பிரிந்து வந்ததைப் பற்றிப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். பேசிக்கொண்டே எனக்குப் பாயசமும் ஊற்றினார்கள். பெரியப்பா மைக்கைப் பிடித்துக் குடும்பம் என்றால் என்ன என்று நீளமாகப் பேசினார். அவருக்கு நாளைக்கு ஒன்று என்றால் மூன்று பேர் எனக்குப் போன் செய்வார்கள். நான் போகாவிட்டால் ஊரே கேட்கும். அதற்கு முறை இருக்கிறது, உறவுப் பெயர் இருக்கிறது. மரகதம் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தமிழில் ஒரு சொல்லும் இல்லை. அவள் எங்கேயாவது செத்துக் கிடந்தால்கூட, எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.