மங்கலாக ஒரு மஞ்சள்

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. தானமாக வரும் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை, கிருமி ஏராளமாக இருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவிடும் புது முறை ஒன்றை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் தட்டின் சின்னக் குழிகளில் சொட்டு விட்டு, கழுவி, மருந்து ஊற்றினால் கிருமி இருக்கும் குழி மஞ்சளாகும். கழுவ மெஷினா இருந்தது? தட்டைக் கவிழ்த்துப் பழைய ஹிந்திப் பேப்பரில் டப் டப்பென்று தட்டுவோம். சரியாகத் தட்டாவிட்டால் கிருமியில்லாத குழியும் மங்கலாக மஞ்சளிக்கும்.

அப்படிச் சந்தேகம் வந்தால் மறுபடி செய்ய வேண்டும். இரண்டாம் தடவையும் மஞ்சளென்றால் எங்கள் டாக்டர் அந்த ரத்தப் பாட்டிலை நிறுத்திவிடுவார். எங்களுக்கு வருவது வெறும் நம்பர்தான். யாருக்கு எந்தப் பாட்டில் என்ற நோட்டு அவர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் மாடி வீட்டுப் பெண் திருநெல்வேலிக்காரி. பிரசவத்துக்கு நான்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குழந்தை பிறந்ததும் உதிரம் நிறையப் போய்விட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். "யாரு ரத்தமோ என்னவோக்கா" என்று பயந்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? டெஸ்ட் பண்ணாத ரத்தம் உனக்கு வருமா?" என்று அதட்டினேன்.

மறுநாள் காலை ஒரு குழி மங்கலாக மஞ்சளித்தது. மறுபடி செய்ய மூன்று மணி நேரமாகும். அவளுக்குக் கொண்டுவந்த ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவள் நான். மறுபடி செய்யாமலே, 'கழுவியது சரியில்லை, கிருமி இல்லை' என்று எழுதிவிட்டு வார்டுக்கு ஓடினேன். சாயங்காலம் அவளுக்கு ரத்தம் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தேன், பாவி.

மூன்று மாதம் கழித்து அவள் கண் மஞ்சளானது. பத்தே நாளில் போய்விட்டாள்.

அதன் பிறகு டாக்டர் நோட்டைத் திறந்தார். அந்த மங்கல் குழியின் நம்பருக்கு நேரே அவள் பெயர். ஃப்ரீசரில் மீதியிருந்த அதே ரத்தத்தில் ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்து முறையும் மஞ்சள். அவர் திட்டியிருந்தால் தேவலை. நம் முறை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அவள் கணவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டபோது, குழந்தையுடன் சொல்லிக்கொள்ள வந்தார்.

"நீங்க பாத்துக் குடுத்த ரத்தத்துலதான்க்கா மூணு மாசமாவது பிள்ளைய வச்சுக்கிட்டு இருந்தா" என்றார். "டெல்லித் தண்ணிதான் அவளுக்கு ஒத்துக்கல."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம், தண்ணிதான்" என்றேன்.