தம்பிஐயா வாத்தியாரும் பன்னிரண்டு நாளும்

“அழகம்மா ஏன் வரேல்லை?”

“சட்டை காயலைங்க ஐயா!” என்று பின் வாங்கிலிருந்து நாலு பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

தம்பிஐயா வாத்தியார் நீலப் பேனாவை மூடி வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் வரவைப் பதியும் இடாப்பின் கடைசிக் கட்டத்தில் ‘ஆடை ஈரம்’ என்று முத்து முத்தாக எழுதினார். அழகம்மாவுக்கு இருப்பது ஒரே சட்டை. மழை விடாவிட்டால் அவளுக்குப் படிப்பும் இல்லை.

“ஆடு காணாமப் போச்சுங்க” என்றால் அவருடைய இடாப்பில் அது ‘கால்நடை தேடல்’. “அம்மா கொழுந்து பறிக்கப் போயிருச்சு, தம்பிய யாருங்க பாக்கிறது?” என்றால் ‘குழந்தை பராமரிப்பு’. வராத பிள்ளைக்கு ஒரு புள்ளடிக் குறி போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வாத்திமார் உண்டு. தம்பிஐயாவுக்கு அது ஆகாது. “காரணமில்லாமல் ஒரு பிள்ளை வராமல் இருக்குமோ? காரணம் எழுத வேணும்” என்பார். இருபத்தைந்து வருசமாக இடாப்பில் ஒரு வெட்டு இல்லை, திருத்து இல்லை. பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வந்து அதைப் புரட்டிப் பார்த்த வித்தியாதரிசி ஒருவர், “இந்தப் பகுதியிலேயே இப்படி ஓர் இடாப்பு இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொன்னவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வாத்தியார் மட்டும் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் ஒரே அறைப் பள்ளிக்கூடம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். அவருடைய சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம். வந்து இத்தனை வருசம் ஆகியும் இந்தக் குளிரோடு அவர் சமாதானம் ஆகவில்லை. காதை மூடிய கம்பளிக் குல்லா, கழுத்தில் சால்வை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேநீர், இவ்வளவையும் மீறி “இந்தக் குளிர் மனிசருக்கோ?” என்று தினம் ஒருமுறை கேட்பார். தம் பிள்ளைகளை நுவரெலியாப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். ஆவணி விடுமுறைக்கு இரண்டு நாள் முந்தியே அவர்கள் படிப்பை மறித்துக்கொண்டு குடும்பமாக யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிவிடுவார். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதுவார். அந்தக் காரணம் வேறொன்றுமில்லை, நல்லூர்த் தேர் பார்ப்பதும் கீரிமலைக் கடலில் குளிப்பதுந்தான்.

அழகம்மாவின் சட்டை காயாத அந்தக் காலையில் வாசலில் வந்து நின்றவன் பழனியாண்டி. கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற ஆள். தோட்டத்திலேயே பிறந்தவன். கையில் சர்க்கார் கடிதம் ஒன்றைப் பிடித்திருந்தான், ஈரக் கை படாமல் ஓரத்தில் மட்டும்.

“விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க ஐயா. பெரசா உரிமைக்கு.”

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனங்களுக்கு நாடு இல்லாமல் போயிற்று. நாடு வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். பெண்சாதி பிள்ளையோடு இங்கேயே வாழ்ந்தோம் என்று சாட்சி காட்ட வேண்டும். பழனியாண்டியும் போட்டிருந்தான். கிடைத்தால் அவனும் பேச்சியம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர். கிடைக்காவிட்டால், அவர்கள் கண்ணாலும் பாராத இந்தியாவுக்கு என்றைக்கு ஏற்றி அனுப்புவார்களோ தெரியாது.

“புள்ளைங்க இங்கதான் படிச்சிச்சுன்னு ஐயா இடாப்பக் காட்டுனா போதுங்கிறாங்க. ஐயா எழுத்துக்கு மேல எழுத்து ஏதுங்க?”

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் படித்த காலத்து இடாப்புகள் அத்தனையையும் தூசு தட்டி வெள்ளைத் துணியில் கட்டினார். உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. தாம் எழுதியதைத் தாமே சரிபார்ப்பதா? விசாரணை நாளன்று கறுப்புக் கோட்டும் சரிகை வேட்டியுமாகப் புறப்பட்டவரைப் பார்த்து மனைவி குணபூசணி, “ஆரின்ரை கலியாணத்துக்கு?” என்று கேட்டாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். பழனியாண்டியின் பிறப்புச் சான்றும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்த வேலைப் பதிவும் சரியாக இருந்தன. அதிகாரி இங்கிலீசில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“உன் பெண்சாதியோ பிள்ளைகளோ எப்போதாவது இலங்கையை விட்டு வெளியே போனதுண்டா?”

“இல்லீங்க தொர. ஒரு நாளும் போனதில்லீங்க.”

“மனுவிலும் சத்தியம் செய்து அப்படித்தான் எழுதியிருக்கிறாய்?”

“ஆமாங்க.”

மொழிபெயர்ப்பாளர் இடாப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. வாத்தியாரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உரக்க வாசித்தார். “ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்பது, மாசி மாதம். நாகலெட்சுமி, அழகுமுத்து. குடும்பத்துடன் இந்தியா சென்றனர். பெயர் நீக்கம்.”

தம்பிஐயா இருந்த இடத்திலிருந்தே அந்தச் சிவப்பு எழுத்தை எட்டிப் பார்த்தார்.

அந்தத் திங்கட்கிழமை அப்படியே கண்முன் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றபடி பார்த்தார்: பழனியாண்டியின் தலையில் தகரப் பெட்டி, பின்னால் பேச்சியம்மா, புதுச் சட்டையில் இரண்டு பிள்ளைகள், பஸ் ரோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமிக்கு அப்போது பத்து வயது. அவர் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரி. “போச்சு. இவளும் போயிட்டாள்” என்று வாய்விட்டுச் சொன்னார். தோட்டத்தில் கலியாண வீட்டுக்கும் சாவீட்டுக்கும் துணி மூட்டையோடுதான் போவார்கள். தகரப் பெட்டியும் குடும்பமுமாக இறங்கினால் அது இந்தியா. அவர் கண்ட மட்டும் அது பிசகியதில்லை. படிப்பை மறித்துப் பிள்ளைகளை நாலு இடம் காட்டிவர தோட்டத்து லய வீட்டில் இருக்கிற ஒரு கூலிக் குடும்பம் புறப்படும் என்பது அவர் மண்டையில் ஏறவே ஏறாத சங்கதி. அன்றைக்கு அந்தக் கோபத்தில் வகுப்பில் அந்த இரண்டு பெயருக்கு மட்டும் காரணம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சிவப்பு மையில் எழுதி முடித்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டும் திரும்பி வந்து நின்றன. “கடல் பாத்தோமுங்க ஐயா!” என்று நாகலெட்சுமி மூச்சு வாங்கச் சொன்னாள். “ஓம் ஓம், கப்பலிலை போனால் கடலைப் பாக்கத்தானே வேணும். போய் இரு” என்று சிரித்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவர் பட்டியலின் அடியில் இரண்டு பெயரையும் தேதியோடு புதிதாகச் சேர்த்தார். மேலே எழுதியதில் கை வைக்கவில்லை.

பழனியாண்டி மேசையைப் பார்த்தான், வாத்தியாரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை. ஐயா எழுதியிருக்கிறார் என்றால் தானே எதையோ மறந்துவிட்டோமோ என்று யோசிக்கிறவன் போல விழித்தான்.

“இந்தியாவுக்கு இல்லீங்க தொர… கொழும்புக்குத்தாங்க போனோம். கடல் பாக்க.”

“கொழும்பில் என்ன? கோயிலா, கலியாணமா?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மாங்க. புள்ளைங்க கேட்டுச்சுங்க.”

அதிகாரி சிரித்துவிட்டார். கூலியை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு, பன்னிரண்டு நாள், சும்மா கடல் பார்க்கவா? யார் வீட்டில் தங்கினாய் என்றால் மச்சான் வீட்டில் என்றான். மச்சானைக் கூப்பிடு என்றால் அவர் இந்தியாவுக்கே போய்விட்டார் என்றான். அதிகாரியின் அந்தச் சிரிப்பு தம்பிஐயாவுக்குப் பழக்கமானது. கடல் பார்த்தோம் என்ற நாகலெட்சுமியைப் பார்த்து அவர் சிரித்ததும் இதே சிரிப்புத்தான்.

அவர் எழுந்தார். “ஐயா, எழுத்து என்ரை. விசயம் பிழை.”

“அவர்கள் கொழும்பில் இருந்தது உமக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்படியென்றால் பிழை என்று எப்படிச் சொல்கிறீர்?”

“நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. பெட்டியைக் கண்டனான், எழுதினனான். அவ்வளவுதான்.” மேசையில் விரித்திருந்த இடாப்பைத் தொட்டுக் காட்டினார். “பொய் சொன்னது அவன் இல்லை ஐயா. இந்தப் புத்தகம்.”

அதிகாரி பேனாவை உருட்டியபடி யோசித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வெட்டும் திருத்தமும் இல்லாத அந்தப் பக்கத்தை அவர் மறுபடி பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னது இதுதான்: “பன்னிரண்டு நாள் போனது பெரிதில்லையாம். போகவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்ததுதான் பெரிதாம். அன்றைக்கே எழுதி வைத்ததை நம்புவதா, ஆறு வருசம் கழித்து இரக்கப்பட்டுச் சொல்வதை நம்புவதா என்று கேட்கிறார். உத்தரவு தபாலில் வரும். நல்ல பதிலை எதிர்பார்க்க வேண்டாமாம்.”

வெளியே வந்ததும் பழனியாண்டி தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்றி, இடாப்பு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தோட்டத்தில் வாத்தியார் சுமை தூக்குவது வழக்கமில்லை. கூட வருகிறவன்தான் தூக்குவான். தன் குடியைக் கெடுத்த புத்தகங்கள் அவை என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கந்தானே. கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ஏற்றத்தில் பாதி தூரம் வந்தார்கள்.

“பழனியாண்டி…” வாத்தியார் நின்றார். “எங்கை நிண்டு கடல் பாத்தனீங்கள்?”

ஆறு வருசத்துக்குப் பிந்திய கேள்வி. பழனியாண்டி கொஞ்சம் திகைத்தான். அப்புறம் அவன் முகம் தன்னாலே மலர்ந்துவிட்டது.

“காலிமொகத் தெடல்லங்க, கொழும்புக் கடற்கரையில. அம்மாடி, எம்புட்டுத் தண்ணி! எங்க வீட்ல பயந்துபோயி ரெண்டு புள்ளைங்க கையயும் விடவே இல்ல. அழகுமுத்துப் பய அள்ளி வாயில ஊத்திக்கிட்டு, ‘இதுல யாருப்பா உப்பக் கொட்டுனது’ன்னு துப்புறான்.”

“ஆர் உங்களை அங்கை போகச் சொன்னது?”

“ஐயாதாங்க.”

“நானோ?”

“பாடத்துல சொன்னீங்களாமே, இந்த நாட்டுக்கு நாலு பக்கமும் கடலுன்னு. ஒரு பக்கத்தயாச்சும் பாக்கணும்னு நாகலெட்சுமி ரெண்டு மாசம் உசுர வாங்கிருச்சுங்க. ஐயாகிட்ட கேட்டா விடமாட்டீங்கன்னு பயந்து சொல்லாமப் போயிட்டோம், அது எங்க தப்புதான். கடலு முன்னால நின்னுக்கிட்டு அந்தப் புள்ள கேட்டுச்சு: ‘ஏப்பா, இதுக்கு இந்தப் பக்கம் அம்புட்டும் நம்ம நாடுதானே?’ன்னு. ‘ஆமா தாயி’ன்னு சொன்னேனுங்க.”

மேலே மலையில் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமியும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. யார் யாரென்று இங்கிருந்து தெரியவில்லை.

தம்பிஐயா குல்லாவைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்தார். பழனியாண்டியின் தலையில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். “ஐயய்யோ, என்னங்க ஐயா இது! யாராச்சும் பாத்தா…” என்று அவன் பதறப் பதற, அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார்.