ராஜா பாடிக்கொண்டே இருந்தார்

படம் ஓட்டுகிறவனை யாரும் நம்புவதில்லை. படம் மோசமென்றால் அவன்தான் கெடுத்தான் என்பார்கள். அறுவைப் படத்தை வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்து முடித்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும். ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவின் அலோர் ஸ்டாரில் ஒரு பலகைக் கொட்டகையில் வேலை பார்த்தேன். புதுப்படம் வருவது நின்றுபோய், கையில் மிஞ்சியது ஒரு ராஜாவின் வாழ்க்கைப் படம்தான்.

கத்தரி

முதலில் ஜப்பானிய அதிகாரிக்குப் போட்டுக் காட்டினேன். ராஜா அந்நியரை விரட்டும் இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் இந்த அந்நியர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்ன சொல்லியும் சந்தேகம் தீரவில்லை. சண்டைக் காட்சிகள் அத்தனையும் வெட்டச் சொல்லிவிட்டார். மிச்சம் தொட்டில், கல்யாணம், பாட்டு, சாவு. மொழிபெயர்ப்பாளர் மணியம் என் காதில் சொன்னார்: "ராஜா யாரையும் விரட்டக் கூடாதாம் அண்ணே. சும்மா பாடிக்கிட்டு இருக்கட்டுமாம் லா."

டப்பா

மெர்கோங்கிலிருந்து படம் பார்க்க வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர், சண்டையை நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று படம் ஓட்டும் அறைக்குள் ஏறி வந்துவிட்டார். பிலிம் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதும் நம்பாமல் என்னை முறைத்தார்: "உருவாத வாளை ராஜா எதுக்கு லா இடுப்புல கட்டியிருக்கான்?"

செர்டாங்

அதே அதிகாரி செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு என்னையும் மணியத்தையும் அழைத்துப் போனார். ரப்பர் ஸ்டோரில் பகலிலேயே இலவசக் காட்சி. ஆண்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும்; பெண்கள் விரும்பினால் வரலாம். "நான் சொல்லாமல் விளக்கைப் போடாதே" என்றார். படம் காட்டி, கதவை மூடி, ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அஞ்சலை அக்கா என்னிடம் வந்தார். அவர் புருஷனை ஏற்கெனவே சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"தம்பி, பின்கதவு திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும் அக்கா" என்றேன். யாரையும் கேட்காமல் நானே போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். ஆண்கள் அந்தக் கதவோரமாகவே உட்கார்ந்தார்கள்.

பாதிப் படத்தில் முன்வாசலில் லாரிகள் வந்து நின்றன. ராஜா பாடிக்கொண்டிருந்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். அந்தச் சத்தத்தில் ஆண்கள் பின்கதவு வழியே நழுவிப் போனது யாருக்கும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டபோது பெண்களும் கிழவர்களும்தான் இருந்தார்கள். அதிகாரி வாளில் கை வைத்து, ஆண்கள் எங்கே என்று கத்தினார். அஞ்சலை அக்கா எழுந்து கைகட்டி நின்று சொன்னார்: "படம் நல்லா இல்ல துவான், எழுந்து போயிட்டாங்க."

மணியம் அதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொல்ல, சண்டையை எல்லாம் வெட்டச் சொன்ன அந்த அதிகாரியால் அதை மட்டும் சந்தேகப்பட முடியவில்லை.