தொண்டையைப் பிடித்த எண்ணெய்

மயிலாப்பூரில் டிராம் மணி கேட்கும் ஒரு சந்தில் நான் வாழ்க்கைப்பட்ட புதிது. அத்தா இல்லாத என்னைக் கட்டிக்கொடுத்தது அண்ணன்தான். கப்பலில் குமாஸ்தாவாக இருந்தவர், பைத்துல் முகத்தஸ் புனிதத் தலத்துக்குப் போன இடத்தில் ஒரு புட்டி ஜைத்தூன் என்கிற ஆலிவ் எண்ணெய் வாங்கி, ஊர் திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். தங்கைக்குச் சீர் குறைந்துபோயிற்றே என்ற குறை அவருக்கு.

புட்டி வந்த அன்று வீடு நிறைய நாத்தனார்கள். மாமியார் பிஸ்மி சொல்லித் திறந்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டார். உடனே இருமல், கண்ணில் தண்ணீர்.

"இன்னாமா இது, காறிப்போய்க் கீது! ஒங்கண்ணன் ஏமாந்துட்டாரா, இல்ல நமக்கு இதுவே போதும்னு அனுப்பிட்டாரா?"

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. நானும் தொட்டு நக்கினேன். கசந்தது, தொண்டையை எரித்தது. நம் வீட்டு எண்ணெய் இப்படிப் பிடித்தால் கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? மானம் போயிற்று. அண்ணன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தக் கண்றாவி கண்ணில் படவே வேண்டாம் என்று, கதவுக்குப் பின்னால் நின்றபடி எங்கள் ஜட்கா வண்டிக்காரரிடம் புட்டியை நீட்டினேன், அச்சுக்குப் போடட்டும் என்று.

பெருநாளைக்கு அண்ணன் விருந்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "எண்ணெ எப்டி மாமி? தொண்டையப் புடிச்சுதா?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கீழ்நிலத்துத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சுவார்களாம். காய் கொழுத்து வருமாம், எண்ணெய் மட்டும் சப்பென்று இருக்குமாம். மேலே கல்லுக்குள் நிற்கும் மரத்துக்கு மழை பெய்தால்தான் உண்டு. அது தவித்துத் தவித்துக் காய்ப்பதைப் பச்சையாகவே பறித்து ஆட்டினால் எண்ணெய் கசக்குமாம், தொண்டையைப் பிடிக்குமாம், சீக்கிரம் கெடவும் கெடாதாம்.

"இருமல் வரலேன்னா அந்த ஊர்க்காரங்க மதிக்கமாட்டாங்க மாமி. மலை மேல ஏறி, நானே குடிச்சுப் பாத்து, நல்லா இருமிட்டுத்தான் வாங்கினேன். தங்கச்சி வூட்டுக்காச்சே!"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. மாமியார், பாவம், "நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லி அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தார்.

அவரைக் கொண்டுபோய் விட அதே ஜட்கா வாசலில் நின்றது. வண்டிக்காரர் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"ஏறு சாயபு. முன்ன மாதிரி வண்டி கத்தாது. இந்த வூட்டு சின்னம்மா சீமையிலேர்ந்து வந்த எண்ணெ ஒரு புட்டி குடுத்துச்சு. இன்னும் மிச்சம் கீது பாரு!"

வண்டிக்கு அடியில் கயிற்றில் தொங்கிய புட்டியை அண்ணன் குனிந்து பார்த்தார். கையில் பிடித்தும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"நல்ல எண்ணெதாம்ப்பா," என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

வண்டி சத்தமே போடாமல் சந்து முனையில் திரும்பிற்று. பாழாய்ப்போன அச்சு, ஒரு கிறீச்சாவது போட்டிருக்கக் கூடாதா!