பதினாறு கட்டத்துக்கு ஒரே எண்

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவி மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிரசவம் வரை படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, குளியலறைக்கு மட்டும் போகலாம்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒன்பதே காலுக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குத்தான் திரும்புவேன். நான்காம் நாள் வந்து பார்த்தபோது பின்கட்டு கழுவி ஈரமாக இருந்தது.

"யாரு கழுவுனது?"

"எவ்ளோ நேரந்தாங்க ஃபேனையே பாத்துக்கினு கெடக்கிறது?"

எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒரு பொறியாளர். வடக்கே பயணம் போனபோது, வரைபடம் போடும் தன் கால்குலேட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருக்கும் தன் கணக்குகளை மட்டும் அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையேட்டைப் பார்த்து அதில் ஒரு விளையாட்டு எழுதினேன். சுவர்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓர் ஆட்டை ஏரிக்கு ஓட்ட வேண்டும்.

என் மனைவி அடி அண்ணாமலையில் ஆடு வளர்த்த வீட்டுப் பெண். திரையை உற்றுப் பார்த்தாள்.

"இதுவா ஆடு? பெருக்கல் குறிங்க இது."

ஐந்து லெவலிலேயே மெமரி நிறைந்துவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்குள் ஐந்தையும் முடித்துவிட்டாள். அதற்குமேல் ஐந்தரை வரை அவளைப் படுக்கவைக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஆறரை மணி நேரத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

திரையில் எட்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம். சுவர் என்றால் ஒன்று, வழி என்றால் பூஜ்யம். ஆக, ஒரு லெவலுக்கு நூற்றிருபத்தெட்டு எண்கள். நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"சொவுரு சொவுருன்னு எத்தினி வாட்டி எழுதுவீங்க? நாங்க கூடைக்கு இப்பிடியா எழுதறோம்? அஞ்சு செவப்பு, ரெண்டு வெள்ளை. அவ்ளோதான்."

அவள் ஒயர் கூடை பின்னுகிறவள். டிசைன்களை அப்படித்தான் நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

ஓர் இலக்கமானாலும் பத்து இலக்கமானாலும் ஓர் எண்ணுக்குக் கால்குலேட்டர் ஒரே அளவு இடம்தான் ஒதுக்கும். எனவே ஐந்து சுவர், இரண்டு வழி, ஒன்பது சுவர் என்றிருந்த வரிசையை 529 என்று ஒரே எண்ணாக்கினேன். பதினாறும் சுவரென்றால் 907: ஒன்பது சுவர், நடுவே வழி இல்லை, ஏழு சுவர். நூற்றிருபத்தெட்டு எண்கள் எட்டாகின. அந்தப் பெண்மணியின் கணக்குகளைத் தொடாமலே ஏறக்குறைய எண்பது லெவலுக்கு இடம் கிடைத்தது.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"உங்க ஆடு சொவத்த தாண்டி ஓடிப்போச்சுங்க. போய்ப் புடிச்சிக்கினு வாங்க!"

ஒரு வரிசையின் கூட்டுத்தொகை பதினைந்துதான் இருந்தது. வலது ஓரத்தில் சுவர் இல்லை.

"பதினாறு வருதான்னு கூட்டிப் பாக்க மாட்டீங்களா? ஒரு ஒயரு கம்மியானாலும் கூடை கோணிக்கும்."

பிறகு ஒவ்வொரு வரிசையையும் பென்சிலால் கூட்டிப் பார்த்த பின்பே ஏற்றினேன். பழைய லெவல்கள் அவளுக்கு அலுத்ததும் அவற்றை அழித்துவிட்டுப் புதியவை போட்டேன். தினமும் வீட்டுக்கு வந்ததும் முதலில் பின்கட்டைப் பார்ப்பேன். 'காய்ந்திருந்தது' என்று என் டயரியில் நூற்றுப் பதினெட்டு நாள் எழுதியிருக்கிறேன்.

அவ்வளவு விலையுள்ள பொருளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்மணியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அதில் இடம் பிடித்துக் கொடுத்தது என் மனைவி. அத்தனை நாளும் படுத்தே கிடந்ததும் அவள்தான். அதற்கு நான் அவளிடம் ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக டயரியில் இல்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மறுநாள் காலை டாக்டரம்மா வந்ததும் என் மனைவி முதலில் கேட்டது இதைத்தான்:

"இப்போ எழுந்து நடக்கலாங்களா?"

"நடம்மா, யாரு வேணான்னா?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். ஜன்னல்வரை பதினான்கு அடி எடுத்துவைத்து மெதுவாகப் போனாள். திரும்பும்போது குழந்தை அழுதது. ஒன்பதே அடியில் வந்துவிட்டாள்.